ஒச்சப்பனின் நாக்கில் தேறாத வண்டிகள்

மல்லாந்து படுத்து, தோள்வரை வண்டிக்கு அடியில் நுழைந்துகொண்டு, ஒச்சப்பன் வலதுகை ஆள்காட்டி விரலால் அடிச்சட்டத்தை ஓர் இழுப்பு இழுப்பார். பிறகு அந்த விரலை நாக்கில் வைப்பார். கண்கள் மூடிக்கொள்ளும். விற்க வந்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அடியிலிருந்து தீர்ப்பு வரும்.

"உப்பு."

அதோடு அந்த வண்டியின் கதை முடிந்தது. போர்ட் பிளேரில் பழைய பிக்கப் வாங்கும் மற்றவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்பார்கள், ஓட்டிப் பார்ப்பார்கள், மெக்கானிக்கைக் கூட்டி வருவார்கள். ஒச்சப்பனுக்கு இந்தச் சில்லறை வேலைகள் கிடையாது. தீவில் வண்டியைத் தின்பது கடல் உப்பு. உப்பைக் கண்டுபிடிக்க ஆண்டவன் படைத்த கருவி நாக்கு. அது தன்னிடம் இருக்கிறது. மற்றவர்களிடமும் ஒன்று இருக்கலாம் என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், வீடு போர்ட் பிளேரின் ஷாதிபூரில். காலையில் ஜங்லிகாட் படகுத்துறையில் மீன் எடுத்து, உப்புத் தூவிய ஐஸில் புதைத்து, ஓட்டல்களில் இறக்குவது தொழில். இரண்டே பேர்தான் கம்பெனி. ஓட்டுவதும் ஐஸில் உப்புத் தூவுவதும் ஒச்சப்பன், மீதி எல்லாம் அவர் மனைவி மரகதம்.

இப்போதிருக்கும் வண்டியில் மரகதத்தின் பக்கம் தரை கிடையாது, பலகை உண்டு. பலகையின் ஓரத்தில் ரோடு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே போகலாம். தண்ணீர் தேங்கிய இடம் வந்தால் சேலையைச் சுருட்டிக்கொண்டு இரண்டு காலையும் முன்னால் தூக்கி வைத்துக்கொள்வாள். கதவுக்குப் பூட்டு போய்விட்டதால் படகுக் கயிறு கட்டியிருக்கிறது. கயிற்றின் மறுநுனி அவள் கையில். ஒச்சப்பன் இதற்கு 'டபுள் லாக்' என்று பெயர் வைத்திருக்கிறார். முதல் லாக் எது என்று மரகதம் கேட்டுப் பார்த்தாள். அவர் கியரை மாற்றினார்.

மாற்று வண்டி தேடும் படலம் போன மழைக்கு முன்பே தொடங்கிவிட்டது. ஹேவ்லாக் தீவு வண்டி என்றால், "கப்பல் மேல நின்னுக்கிட்டே கடல்ல குளிச்சு வந்திருக்கும்." கார் நிக்கோபார் தீவு வண்டி என்றால், "அது வண்டி இல்லப்பா, கருவாடு." மெயின்லேண்டிலிருந்து இறக்கியது என்றால், "வெள்ளத்துல மிதந்தத நம்ம தலைல கட்டப் பாக்குறாய்ங்க." ஷாதிபூரிலேயே ஒருவர் பளபளவென்று வைத்திருந்த வண்டிக்கும் வழி பிறக்கவில்லை. "இம்புட்டுச் சுத்தமா இருக்குன்னா எதையோ மறைக்கிறான்."

அவர் கழித்துக் கட்டிய வண்டிகளையெல்லாம் வேறு ஆட்கள் வாங்கிவிட்டார்கள். காலையில் மேட்டில் பழைய வண்டி முக்கிக்கொண்டு ஏறும்போது, அவை ஒவ்வொன்றாக முந்திப் போகும். ஒச்சப்பன் வருத்தத்தோடு தலையை ஆட்டுவார். "அந்தா போகுது பாரு, துரு புடிச்ச கேஸு. ரொம்ப நாள் தாங்காது." துருப்பிடித்த கேஸ் வளைவில் மறைந்து வெகுநேரம் கழித்து இவர்கள் உச்சிக்கு வருவார்கள்.

போன வியாழக்கிழமை பெரிய ஓட்டல் வாசலில், மீன் தண்ணீரும் துருவும் கலந்து வண்டியிலிருந்து ஒழுகி, வெள்ளைக் கல்தரையில் ஒரு சிவப்பு ஆறு ஓடியது. "யே காடி அந்தர் நஹீ ஆயேகா," என்றார் மேனேஜர். இந்த வண்டி இனி உள்ளே வராது. திங்கட்கிழமை முதல் வேறு வண்டி. இல்லையென்றால் வேறு ஆள். அந்த ஓட்டல் போனால் வீட்டில் பாதி அடுப்புதான் எரியும். "பெரிய மனுசன்கிட்ட எப்படிப் பேசணும்னு தெரியல அவனுக்கு," என்று ஒச்சப்பன் பிரச்சினையைத் தீர்த்துவைத்தார்.

சனிக்கிழமை மீன் இறக்கிய கையோடு, மரகதம் அவரை அப்துல் வாஹித்தின் பழைய வண்டிக் கடைக்கு இழுத்துப் போனாள்.

"வாங்கண்ணே, வா தங்கச்சி. பக்கா காடி. மெத்தைக் கடைக்காரர் ஓட்டுனது. பஞ்சத் தவிர இதுல ஒண்ணும் ஏறுனதில்ல," என்றார் வாஹித்.

மரகதம் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். அது சாத்திக்கொண்டது. திறந்து மறுபடி சாத்தினாள். மறுபடியும் சாத்திக்கொண்டது. பிடிக்கக் கயிறு இல்லாத கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். காலுக்குக் கீழே தரை இருந்தது.

அந்தத் தரைக்குக் கீழேயிருந்து குரல் வந்தது. "உப்பு."

"யா அல்லாஹ்! மெத்தைக்கு ஏதுண்ணே உப்பு?"

"நாக்கு பொய் சொல்லாது பாய்."

"சரிண்ணே. சாயங்காலம் பிரவீன்குமார்னு ஒரு ஹேவ்லாக் பார்ட்டி வருது. பாத்தா கொண்டு போயிருவாரு. அப்புறம் எம்மேல வருத்தப்படக் கூடாது."

மரகதம் இறங்கி வந்தாள். "இந்தாருங்க, வெளிய வாங்க. இப்ப எடது கை வெரல நக்குங்க."

"எதுக்குடி?"

"அது இன்னும் வண்டியத் தொடலல்ல? நக்குங்க."

நக்கினார். பழக்கதோஷத்தில் கண்கள் மூடின. ஆனால் சீக்கிரம் திறக்கவில்லை.

"என்னா?"

"...உப்பு."

"காலைலேர்ந்து ஐஸுல உப்ப அள்ளிக் கொட்டுனது யாரு, மெத்தைக் கடைக்காரனா?"

வாஹித் அவசரமாகச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின.

மேட்டில் முந்திப்போன வண்டிகள் அத்தனையும் ஒச்சப்பனின் முகத்தில் வரிசையாக ஓடின. ஆனால் இத்தனை நாள் வளர்த்த சாஸ்திரம் கவிழ்ந்தாலும் ஆம்பளைக்குப் பார்க்க டயர் இருக்கிறது. நான்கையும் உதைத்துப் பார்த்தார். ஹாரனை அழுத்தினார்.

"சத்தம் கொஞ்சம் கீச்சுன்னு இருக்கே பாய்."

"அப்ப விடுங்க," என்றாள் மரகதம். "திங்கக்கெழம மீன் பொட்டியத் தலைல வச்சு ஓட்டலுக்கு நடங்க. ஹாரன் நீங்களே அடிச்சுக்கலாம்."

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மனிதர் வீம்புக்காரர். 'வேணாம் பாய்' என்று ஒரு வார்த்தை சொல்லித் திரும்பி நடந்துவிட்டால், சாயங்காலம் இந்த வண்டி கப்பல் ஏறிவிடும். திங்கட்கிழமை ஓட்டல் கேட்டில் வேறு யாருடைய மீனோ நுழையும். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாஹித்கூடச் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

"சாவியக் குடு," என்றார் ஒச்சப்பன், யாரையும் பார்க்காமல்.

கதவைத் திறந்து, ஒரு காலை உள்ளே வைத்து, சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார். செருப்பைக் கழற்றினார். இரண்டையும் ஒன்றோடொன்று தட்டினார். ஒட்டியிருந்த செதில்கள் உதிர்ந்தன. அப்படியும் மனசு கேட்கவில்லை. ஜோடியைத் தரையிலேயே விட்டுவிட்டு, வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்தார்.

மரகதம் மறுபக்கம் ஏறிக் கதவைச் சாத்தினாள். ஒச்சப்பன் சாவியை நுழைத்தார். திருகவில்லை. அவள் காலில் கிடந்த செருப்பைப் பார்த்தார். பிறகு வெளியே தரையில் கிடந்த தன் ஜோடியைப் பார்த்தார். பிறகு மறுபடி அவள் கால்களைப் பார்த்துக்கொண்டு, காத்திருந்தார்.