கிரிஸ் மா போட்ட கட்டளை

எங்கள் ஆலயத்து வாலிபப் பிள்ளைகள் என்னைக் கழற்றிவிடப் பார்க்கிறார்கள் என்ற சந்தேகம் போன டிசம்பரில் வந்தது. சிம்மக்கல்லில் கடையைப் பூட்டிவிட்டு, டவுன் பஸ் நெரிசலில் நின்றபடி பாட்டுப் பயிற்சிக்குப் போவேன். நான் நுழையும்போதெல்லாம் தணிந்த குரலில்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். உதடு மட்டும் அசையும். என்னடா குசுகுசுப்பு என்று கேட்டால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒருநாள் ஒருவன் கேட்டதற்கு, கேரல் வேன் ஆறு மணிக்கு என்று பதில் சொன்னேன், சிரிக்கிறார்கள். வேனைப் பற்றிக் கேட்டவனுக்கு வேறென்ன சொல்வது?

இதுகளை எனக்கு இன்று நேற்றா தெரியும்? கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஆட்டுக்குட்டியாக நிற்கச் சொன்னால் மேடையிலேயே தூங்கிப்போனவள், இப்போது கல்லூரியில் கடைசி வருஷம், கீபோர்டு வாசிக்கிறாள். ஐம்பது தாண்டிய என்னை இன்னமும் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். வீடு வீடாகப் பாடப் போகும் கேரல் ரவுண்ட்ஸில் பாட்டை எடுத்துக்கொடுப்பது அன்றிலிருந்து நான்தான். அந்த இடத்தின் மேல் அவள் கண் வைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

டிசம்பர் பிறந்ததும் 'கிரிஸ் மா' சீட்டுக் குலுக்குவோம். கைக்கு யார் பெயர் வருகிறதோ அவர் நம் பிள்ளை. நாம் அவருக்கு மறைமுகத் தாய். வயது வித்தியாசம் கிடையாது. தாய் வாராவாரம் ஒரு கட்டளை போடும், பிள்ளை மறுபேச்சில்லாமல் செய்ய வேண்டும். தாய் யாரென்று கடைசி நாள்தான் தெரியும். மற்றவர்களுக்கெல்லாம் சேவல் மாதிரி கூவு, தலையில் பூ வைத்துக்கொண்டு ஆடு என்று வந்தது. எனக்கு, கீபோர்டுக்குப் பக்கத்திலேயே உட்காரவும் என்று வந்தது. அடுத்த வாரம், பாட்டை வேறு யாராவது எடுக்கட்டும், நீங்கள் இரண்டாவது அடியில் சேர்ந்துகொள்ளுங்கள் என்று வந்தது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. விளையாட்டு என்ற பெயரில் வேலையைக் காட்டுகிறார்கள். சொன்ன இடத்தில் உட்கார்ந்தேன், வாயை மட்டும் திறக்கவில்லை.

ரவுண்ட்ஸ் கிளம்புவதற்கு முந்தின நாள், தாய்கள் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் பிள்ளையிடம் போனார்கள். என்னிடம் வந்தது அவளேதான். நினைத்தது சரியாகிவிட்டது, வரட்டும், நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் என் காதருகே குனிந்தாள்.

"நாங்க யாரும் குசுகுசுன்னு பேசலண்ணே. எப்பயும் போலத்தான் பேசுறோம். உங்களுக்குத்தான் கேக்கல. பாட்டையும் அம்புட்டு மேல் சுதில எடுக்குறீங்க, யாருக்கும் எட்டல."

கத்தித்தான் சொல்லியிருக்கிறாள், ஹாலே திரும்பிப் பார்த்தது. எனக்கு அது சாதாரணப் பேச்சாகத்தான் விழுந்தது. பயந்துபோனேன்.

நாளைக்குப் பாட்டு யார் எடுப்பது என்று கேட்டேன்.

"இந்த வருசம் நான் எடுக்குறேண்ணே. திங்கக்கெழம காது டாக்டர்ட்ட போறோம், நானும் கூட வாரேன். இதான் கடைசிக் கட்டளை."

பிள்ளை மறுபேச்சுப் பேசக்கூடாது. "சரிம்மா" என்றேன்.