அப்பாவுக்குச் சுட்ட சோடா ரொட்டி

"சர்க்கரை இறங்கினால்தான் புண் ஆறும். இல்லையென்றால் விரலை எடுக்க வேண்டிவரும்" என்று முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னபோது அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் தமிழில்தான் சொன்னார். ஆனாலும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் எதைச் சொன்னாலும் அதை நான் ஒருமுறை திருப்பிச் சொன்ன பிறகுதான் எங்கள் வீட்டில் யாருக்கும் அது காதில் ஏறும். பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். பேங்க், ரேஷன் கார்டு, கரண்டு ஆபீஸ் எல்லாவற்றுக்கும் நான்தான் வாய். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

"இன்னா சொல்றாரு?" என்றார் அப்பா.

"சோத்தக் கொறைக்கணுமாம்பா."

"அவ்ளோதான? கொறச்சிட்டாப் போச்சி."

அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டார்.

அப்பா விழுப்புரத்தில் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்குகிறவர். செருப்பைக் குத்திக்கொண்டு ஒரு ஆணி வலது கால் பெருவிரலுக்குள் ஏறியிருக்கிறது. அது அவருக்குத் தெரியவில்லை. செருப்பு ஏன் வழுக்குகிறது என்று குனிந்து பார்த்தபோதுதான் ரத்தம். கூட வேலை செய்தவர்கள், "இன்னா மாமா, வலிக்கலியா?" என்று கேட்டிருக்கிறார்கள். வலிக்கவில்லை என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். சர்க்கரை அவர் காலின் உணர்ச்சியைத் தின்று வைத்திருந்தது எங்களுக்கு அப்படித்தான் தெரியவந்தது. ஊசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள். புண் மட்டும் வாயை மூடவில்லை.

சோற்றைக் குறைத்தால் அந்த இடத்தில் எதை வைப்பது? கேப்பைக் கூழ் காய்ச்சலாம் என்றேன். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"கூழு குடிச்சி வளந்தவந்தான் நானு. எம் பொண்ணு டீச்சர் ஆனப்பறமும் கூழே குடிக்கணும்னா அப்பறம் இன்னாத்துக்கு மூட்ட தூக்கினேன்?"

சப்பாத்தி போட்டோம். வட்டமாக வந்து விழ விழத் தின்றுகொண்டே இருந்தார். கடைசியில் கையைக் கழுவிவிட்டு, "சாப்பாடு எப்போ?" என்று கேட்டார்.

நான் திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் கெமிஸ்ட்ரி எடுக்கிறேன். விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ். ஒருநாள் பஸ்ஸில் போனைத் தள்ளிக்கொண்டே போனபோது அந்த வீடியோ வந்தது. அயர்லாந்தில் ஒரு அம்மா தன் வீட்டு அடுப்பங்கரையில் ரொட்டி சுடுகிறார். தவிடு எடுக்காத கோதுமை மாவு, உப்பு, சமையல் சோடா, புளித்த மோர். அவ்வளவுதான். ஈஸ்ட் கிடையாது. பொங்குவதற்குக் காத்திருக்க வேண்டாம். அந்தக் காலத்தில் அவர்கள் ஊரிலும் ஓவன் இல்லாத வீடுகளில் மூடி போட்ட இரும்புச் சட்டியில் வைத்துச் சுடுவார்களாம். புளித்த மோர் அமிலம், சோடா காரம், இரண்டும் சேர்ந்தால் வாயு. அந்த வாயுதான் மாவைத் தூக்குகிறது. இதையேதான் ஒன்பதாம் வகுப்புக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்டு விட்டு வந்திருந்தேன். கனமான ரொட்டி, ஒரு துண்டு தின்றாலே வயிறு அடங்கிவிடும் என்று அந்த அம்மா சொன்னார். எனக்கு வேண்டியது அதுதான். விக்கிரவாண்டி தாண்டுவதற்குள் அப்பாவின் விரலைக் காப்பாற்றிவிட்ட மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மெஷினில் கோதுமையைச் சலிக்காமல் அரைத்து வந்தேன். கொஞ்சம் கம்பை ஒன்றிரண்டாக உடைத்துச் சேர்த்தேன். பழைய பெரிய குக்கரில் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் கல் உப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையத்தை வைத்துச் சூடேற்றினேன். மாவில் மோரை ஊற்றிக் கையால் லேசாகக் கூட்டிவிட்டுத் தட்டில் எண்ணெய் தடவத் திரும்பினேன். அந்த நேரத்துக்குள் அம்மா புகுந்துவிட்டாள்.

"மாவு பெசையத் தெரியாத பொண்ண யாரு கட்டுவான்?" என்று சொல்லிக்கொண்டே, சப்பாத்திக்குப் பிசைவதுபோல இரண்டு கையாலும் அடித்துப் பிசைந்து, உருட்டி, மேலே ஈரத்துணியும் போட்டுவிட்டாள். "கொஞ்ச நேரம் ஊறட்டும். அப்பதான் மெத்துனு வரும்."

"அய்யோ, இத பெசையக் கூடாதும்மா! ஊறவும் கூடாது! மோரு பட்ட ஒடனே அடுப்புல போவணும்!"

"பெசையாத மாவு எந்த ஊர்ல கீது?"

வாயுவெல்லாம் போய்விட்டது. குக்கரிலிருந்து எடுத்தபோது அது ரொட்டியாக இல்லை. அப்பா விரலை மடக்கி அதன்மேல் தட்டிப் பார்த்தார். டொக் டொக் என்றது.

"எதிர் வீட்டுல கக்கூஸ் கட்டினுகீறாங்க. அஸ்திவாரத்துக்குக் குடுத்துடலாமா?"

அடுத்தமுறை அம்மாவை அடுப்பங்கரைக்குள் விடவில்லை. மாவு கையில் ஒட்டிக்கொண்டு சொதசொதவென்று இருக்கும்போதே அள்ளித் தட்டில் வைத்து, கத்தியால் மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கீறினேன். அம்மா வாசற்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி இது, சிலுவ போடற? நாம எப்ப மாறினோம்?"

"நடுவுல வேகறதுக்கும்மா. கீறலன்னா பச்சையா நிக்கும்."

அப்போது எதிர்வீட்டு அத்தை கையில் சாத்துக்குடிப் பையோடு உள்ளே வந்தார். அவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், சிலுவைக் கோயிலுக்கு. முகத்தில் துக்கம் விசாரிக்க வந்த களை.

"ஏம்மா, அண்ணனுக்கு ரொட்டி குடுக்கற அளவுக்கா ஆயிட்டுது? தெருவுல சொல்லிக்கினாங்க."

எங்கள் பக்கம் ரொட்டி என்றால் காய்ச்சல்காரன் சாப்பாடு. கடையில் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு தெருவில் நடந்தால் யாருக்கு உடம்பு என்று எதிரே வருகிறவர்கள் கேட்பார்கள். அத்தை கேட்டதில் தப்பில்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்று இருந்தது. இது அந்த ரொட்டி இல்லை, ஒரு தேசத்தில் நல்லா இருக்கிறவர்கள் தினம் தின்னும் ரொட்டி, நார்ச்சத்து, தவிடு என்று பாடம் எடுத்தேன். அத்தை பொறுமையாகக் கேட்டார். குக்கருக்குள் எட்டிப் பார்த்துக் கீறலையும் பார்த்தார்.

"எங்க சாமியக் கூப்புட்டாவது சக்கர எறங்கட்டும், உடு" என்றார்.

அந்த ரொட்டி நன்றாக வந்தது. மேலே காய்ந்து வெடித்து, உள்ளே ஈரமாக, மோரின் புளிப்போடு. அப்பா மல்லாட்டைச் சட்னியில் தோய்த்துத் தின்றார். மெதுவாக மென்றார். நாங்கள் இருவரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"பரவால்லியே" என்றார். "கொஞ்சம் மண்வாசன அடிக்குது. ஆனா பரவால்ல."

அதன்பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் சாயங்காலம் ரொட்டி சுடுவது என் வேலையாகிவிட்டது. காலையில் நான் பஸ்ஸுக்கு ஓடும் முன் அப்பாவுக்கு இரண்டு துண்டு. மதியத்துக்கு இரண்டு துண்டை டப்பாவில் போட்டு வைத்துவிட்டுப் போவேன். ராத்திரி நான் இருக்கும்போது கொஞ்சமாகச் சோறு. தினமும் வந்ததும் டப்பாவைத் திறந்து பார்ப்பேன். காலியாக இருக்கும். ஸ்டாஃப் ரூமில் எல்லோரிடமும் சொன்னேன். ஒரு துண்டைக் கொண்டுபோய்க் கொடுத்துச் சுவை பார்க்கச் சொன்னேன். மூட்டை தூக்குகிற என் அப்பா அயர்லாந்து ரொட்டி தின்கிறார் என்று சொல்வதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. விஷயம் விரலைப் பற்றியது என்பது அந்த நேரங்களில் கொஞ்சம் பின்னால் போய் நின்றுகொள்ளும்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை. ஏறியிருந்தது.

நான் மாவைச் சந்தேகப்பட்டேன். மெஷினில் பச்சரிசி அரைத்த பிறகு நம் கோதுமையைப் போட்டிருப்பார்களோ? கம்பைக் கூட்டினேன். துண்டை மெல்லியதாக வெட்டினேன். மோரைக்கூட விட்டுவைக்கவில்லை, ஆடை எடுத்த பாலில் உறை ஊற்றிப் பார்த்தேன். மறுபடி ரத்தம் எடுத்தார்கள். பழைய இடத்திலேயே நின்றது. புண்ணைச் சுற்றிக் கறுக்க ஆரம்பித்திருந்தது. கட்டு மாற்றும் நர்ஸம்மா, "சாப்பாட்டுல கண்ட்ரோலா இருக்காரா?" என்று கேட்டபோது, "நானே செஞ்சு குடுக்கறேங்க" என்றேன். அந்தப் பதில் எனக்கு அப்போது பெரிய சாட்சியாகத் தெரிந்தது.

ஐப்பசியில் ஒருநாள் விடாத மழை. திண்டிவனத்தில் இறங்கிய பிறகுதான் போனில் லீவு என்று செய்தி வந்தது. எதிர்ப்பக்கம் நின்ற பஸ்ஸில் ஏறித் திரும்பி, நனைந்துகொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன். மழையில் பஸ் ஊர்ந்து வந்ததில் மத்தியானமாகியிருந்தது. அப்பா கீழே உட்கார்ந்து ரொட்டியின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் குடித்தார். அம்மா அவர் முன்னால் தட்டை வைத்து, சோற்றைக் கரண்டி கரண்டியாகப் போட்டாள். எப்போதும் போடுகிற அளவு. நடுவில் குழி பறித்துக் கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். யாரும் தட்டை மறைக்கவில்லை.

"லீவா? வா, ஒக்காரு, ஒனக்கும் போடறேன்" என்றாள் அம்மா.

"இன்னாம்மா இது?"

"எது?"

"அதான் ரொட்டி தின்னாரே!"

"தின்னாரு. ஒரு நாளு உட்றதில்ல. அது தின்னப்பறம்தான் நான் சோறே போடறேன்."

"சோத்துக்கு *பதிலா*தான ரொட்டி!"

அப்பா சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டு, ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். "பாப்பா, மாத்திர சோத்துக்கு முன்னாடி போடறோம். அப்பறம் சோறு தின்றோம். அது மாதிரிதான இதுவும்? நீ கஷ்டப்பட்டு சுட்டு வச்சிட்டுப் போற. புடிக்குதோ புடிக்கலியோ தின்னுடறேன். ஒனக்காகத்தான் தின்றேன்."

அவர்கள் பொய் சொல்லவில்லை. ஏமாற்றவும் இல்லை. ரொட்டி சர்க்கரையைக் குறைக்கும் மருந்து என்று நம்பியிருந்தார்கள். மருந்து உள்ளே போய்விட்டது, இனி சோறு தின்னலாம். நான் ஊட்டியதெல்லாம் அவர் தின்ற சோற்றின் மேல் கூடுதலாக ஏறியிருந்தது. ஈரப் புடவையோடு நின்றுகொண்டு முதலிலிருந்து சொன்னேன். மாவு எப்படி உள்ளே போய்ச் சர்க்கரையாகிறது, சோறும் அதுதான், ரொட்டியும் அதுதான், அளவுதான் விஷயம். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

"சரிமா. நாளையிலருந்து சோறு வாணாம்" என்றார். "இத மட்டும் தின்னுடறேன். போட்டுட்டாங்க, வீணாப் பூடும்."

மறுநாள் ரொட்டி மட்டும் தின்றார். அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் மத்தியானம் அம்மா எனக்குப் போன் செய்தாள். வகுப்பில் இருந்தேன், வெளியே வந்து எடுத்தேன்.

"செவுத்தப் பாத்துக்கினு படுத்துக்கினு கீறாருடி. பேச மாட்டேன்றாரு. மூட்ட தூக்கின ஒடம்பு, பசி தாங்கல. நான் போட்டுடட்டா?"

"கொஞ்சமா போடும்மா."

"எங்கையால கொஞ்சமா போட வரலயே. நான் இன்னா பண்ணட்டும்?"

எவ்வளவு போட்டாள் என்று நான் கேட்கவில்லை. உள்ளே பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். போய்ப் பாடத்தை முடித்தேன்.

விரலை எடுத்துவிட்டார்கள். பக்கத்து விரலும் சேர்ந்து போனது. கையெழுத்து நான்தான் போட்டேன். இன்னும் தாமதித்தால் பாதம் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அதையும் அப்பாவிடம் திருப்பிச் சொன்னேன். "சரி, எடுத்தது எடுத்தாச்சி" என்றார். மண்டிக்கு இனிப் போக முடியாது என்பதை நான் சொல்லவில்லை. அது அவருக்கு என் மூலமாக வர வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் ரொட்டி சுடுகிறேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. இப்போது மதியத்துக்கு டப்பாவில் ஒரு துண்டு, பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம். அந்தக் கிண்ணம் நிறைய மட்டும்தான் சோறு என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவளும் சரி என்றிருக்கிறாள். புண் ஆறிக்கொண்டு வருகிறதா என்று கேட்டால், கட்டு மாற்றும்போது நர்ஸம்மா ஒன்றும் சொல்வதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டாள். "இன்னைக்கு நீ போடு. படிச்சவ, ஒனக்கு அளவு தெரியும்." அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கட்டுப் போட்ட காலை முக்காலியில் நீட்டிக்கொண்டு. ரொட்டியைத் தின்று முடித்திருந்தார். கிண்ணத்தில் அளந்து தட்டில் கவிழ்த்தேன். அந்தச் சோற்றை விரலால் மெல்ல மெல்லத் தட்டு முழுக்கப் பரப்பினார், ஓரம் வரைக்கும். பரப்பி முடித்த பிறகு பார்க்க நிறைய இருப்பது போலத்தான் இருந்தது. சாப்பிட்டார். தட்டில் ஒரு பருக்கை இல்லை.

"பாப்பா" என்றார். "இன்னும் ஒரு கை."

நான் அவர் காலைப் பார்த்தேன். அம்மா குழம்புச் சட்டியைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பானைக்குள் கரண்டியை விட்டேன். பாதிதான் எடுக்க நினைத்தேன். முழுதாக வந்தது. போட்டேன்.