ஃபியட்டின் தரைத்தகடு

ரெட்டியார்பாளையத்து ராஜவேல், தான் வேலை பார்த்த மில் மூடிய பிறகு ஒரு பழைய ஃபியட் காரை வாங்கினார். பின் சீட்டைக் கழற்றிவிட்டு, தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஹோட்டல்களுக்கு மீன் பெட்டி ஏற்றினார். பெட்டியிலிருந்து வடிந்த உப்புத் தண்ணீர் தரைத்தகட்டை அரித்தது. 2006 மழைக்காலத்தில் முன் சீட்டுக்குக் கீழே ரோடு தெரிந்தது.

மில்லில் வெல்டிங் அடிப்பதைப் பல வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவர். அது போதும் என்று நினைத்து, ஒரு வெல்டிங் மெஷினை வாடகைக்கு எடுத்துவந்து வாசலிலேயே வேலையை ஆரம்பித்தார். கரண்டைக் கூட்டினால் தகடு பொத்துக்கொண்டது. கடைசியில் குறைத்தே வைத்து, துருவின் மேலேயே புதுத்தகட்டுத் துண்டுகளை ஒட்டினார். கறுப்புப் பெயிண்ட் அடித்ததும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பொங்கலுக்குத் துணி எடுக்க மனைவி ஜெயத்தோடு விழுப்புரம் ரோட்டில் வந்தபோது குறுக்கே ஒரு மாடு. பிரேக் போட்டதும் ஜெயத்தின் சீட் தரையோடு பிய்ந்து முன்னால் சாய்ந்தது. அவள் கையை ஊன்றினாள். மணிக்கட்டு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்ட பிறகு சொன்னாள்: "மாட்டக் கொற சொல்லாதீங்க. நீங்க ஒட்டுனது வுட்டுடுச்சி."

ஜெயத்தின் அண்ணன் மகள் ஹேமலதா ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்தவள். தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் வேலை. ராஜவேல் அவளிடம் போய், வெல்டிங் கற்றுத்தரச் சொல்லிக் கேட்டார்.

"மொதல்ல ஒரு துண்டு அடிங்க மாமா, பாக்கறேன்" என்றாள்.

அவர் இரண்டு தகடுகளைச் சேர்த்து அடித்தார். அவள் அதை வைஸில் இறுக்கி, சுத்தியலால் தட்டினாள். தகடு தனியாகக் கழன்று விழுந்தது.

"இது ஒட்டியிருக்கு, பிடிக்கல. ரெண்டு தகடும் உருகிக் கலக்கணும். நடுவுல துரு இருந்தா எங்க கலக்கும்?"

ஞாயிற்றுக்கிழமைகளில் போனார். ஆரம்பத்தில் துரு தேய்ப்பது மட்டுமே வேலை. பிறகு ஒரே கோடாக இழுக்காமல், இங்கே ஒரு பொட்டு, தள்ளி ஒரு பொட்டு என்று வைத்து, சூடு ஆறவிட்டு நிரப்பப் பழகினார். ஒருநாள் அவசரத்தில் முகமூடி இல்லாமல் அடித்துவிட்டார். மறுநாள் கண்ணில் மணலை வாரிப் போட்டது போல எரிச்சல். ஜெயம் ஒரு கையால் பிழிய முடியாமல் ஈரத்துணியைச் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து கொடுத்தாள்.

தட்டினால் தகடு வளையுமே தவிர வெல்டிங் விடாது என்ற நிலை வந்தபோதுதான் ஹேமலதா காரில் கை வைக்கச் சொன்னாள். ராஜவேல் பேட்டரியைக் கழற்றினார். தான் ஒட்டிய எல்லாவற்றையும் பிய்த்தார். பெரும்பாலானவை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியதுமே வந்தன. நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டியதில் ஓட்டை முன்னைவிடப் பெரிதானது. சீட் நிற்கும் இடத்தில் தடித்த தகடு போட்டார். ஹேமலதா காருக்கு அடியில் படுத்துப் பார்த்து, ஒரு மூலையை மட்டும் திரும்ப அடிக்கச் சொன்னாள்.

ஜெயம் அதன் பிறகும் பஸ்ஸில்தான் போனாள். அவர் கட்டாயப்படுத்தவில்லை. ஆடி மாதம் அம்மா வீட்டுக்குக் கிளம்பிய அன்று, அவளாகவே கார் கதவைத் திறந்தாள். சீட்டைப் பிடித்து நன்றாக உலுக்கிப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

"மெதுவாவே போங்க" என்றாள்.