ஆரஞ்சுக் கட்டம்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருடமாகத் துணி வெளுக்கிறவளுக்கு அருவருப்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ரத்தம், சீழ், வாந்தி, வாயால் சொல்லக் கூசுகிற மற்ற சமாசாரம் எல்லாம் மூட்டை மூட்டையாக அவள் கைக்குத்தான் வந்து சேரும். வெந்நீரில் முக்கினால் தீர்ந்தது; அதற்கெல்லாம் அவள் முகம் சுளித்ததே கிடையாது. அவளுக்குக் குமட்டுவது பிரசவ வார்டு வாசலில் தொங்கும் அந்த அட்டவணையைப் பார்த்தால்தான்.

அந்த வட்டாரம் முழுக்க எண்ணினால் நாற்பத்து மூன்று இனம், ஐம்பது சொச்சம் மொழி. எந்தப் புண்ணியவானோ உட்கார்ந்து அத்தனையையும் ஐந்து மொழிக்குடும்பமாகப் பிரித்து, குடும்பத்துக்கு ஒரு நிறம் பூசி, வார்டுக்கு வார்டு மாட்டிவிட்டார். நோயாளி வந்ததும் எந்த நிறம் என்று சீட்டில் குறித்துக்கொள்வார்கள். நீலத்துக்கும் பச்சைக்கும் சம்பளம் வாங்கும் மொழிபெயர்ப்பாளர்கள் உண்டு. ஆரஞ்சுக்கு இவள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை! ஆரஞ்சுக்குள் மட்டும் பதினேழு மொழி. இவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, ஆற்றங்கரையில் இவள் சனம் பேசுவது. அதைப் பற்றி யாருக்கு என்ன கவலை? பெற்றவர்கள் வைத்த பெயர் போய், நர்சுகள் வாயில் இவள் ஆரஞ்சக்கா ஆகிப்போனாள்.

முதலில் பெருமையாகத்தான் இருந்தது, ஒளிப்பானேன்? ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு டாக்டர் பக்கத்தில் போய் நிற்பதென்றால் சும்மாவா. அந்தப் பெருமை ஓர் உப்பளத்துக் கிழவரோடு தொலைந்தது. அவர் பேசியதில் பத்துக்கு மூன்று வார்த்தைதான் புரிந்தது. மிச்சத்தை இவளே இட்டு நிரப்பி, காலை வெட்டி எடுக்கச் சம்மதிக்கிறார் என்று சொல்லிவிட்டாள்; அன்றே வெட்டிவிட்டார்கள். தம்பி வரும்வரை பொறுக்கச் சொல்லித்தான் கிழவர் கெஞ்சியிருக்கிறார். மறுநாள் வந்த அந்தத் தம்பியே சொல்லித் தெரிந்தது. தூ, நானும் ஒரு மனுஷியா என்று இருந்தது அவளுக்கு. அன்றிலிருந்து அந்த நிறத்துப் பழத்தைக்கூட அவள் வாங்குவதில்லை.

அப்புறம் ஒருநாள் தலைமை நர்சு ஆள் அனுப்பினார். மலைக்காட்டுப் பெண், இருபது வயதுகூட இராது, பிரசவமாகி ஐந்து நாள். புருஷன் எங்கோ கல்குவாரியில். துணைக்கு ஒருவரும் இல்லை. இந்தச் சின்ன உடம்பு இன்னொரு பிரசவத்தைத் தாங்காது, இனிப் பிள்ளையே பிறக்காதபடி ஆபரேஷன் செய்துவிடலாம் என்று டாக்டரம்மா முடிவு கட்டியிருந்தார். பாரத்தில் கைநாட்டுகூட விழுந்தாகிவிட்டது. 'நோயாளியின் மொழியில் எடுத்துச் சொன்னேன்' என்ற வரிக்குக் கீழே மொழிபெயர்த்தவரின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அந்தப் பெண் இவள் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒரு வார்த்தை பிடிபட வேண்டுமே! இவள் தன் மொழியில் கேட்டுப் பார்த்தாள். அவள் திருதிருவென்று விழித்தாள். இவள் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு, இது தன் பாஷையே இல்லை என்று நர்சிடம் சொன்னாள்.

"ஒரே குடும்பம்தானேக்கா. அக்கா தங்கச்சி மாதிரி. கொஞ்சம் அனுசரிச்சுப் போயேன்."

"என் தங்கச்சிக்கும் அவ புருஷனுக்கும் தகராறுன்னா, சிஸ்டர், விவாகரத்துப் பத்திரத்துல அவளுக்குப் பதிலா நான் கையெழுத்துப் போட முடியுமா?"

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். கோபமே இல்லாமல், போடாவிட்டால் நாளைக்குச் சலவைக்கு வேறு ஆள் வரும் என்றார். தினக்கூலிக்காரிக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையா? இடுப்பொடிந்து கிடக்கும் வீட்டுக்காரரும், படிப்பை இன்னும் முடிக்காத மகளும் கண்முன் வந்து போனார்கள். பேனாவை வாங்கினாள். கோணல்மாணலாக, 'எனக்கு இவள் மொழி தெரியாது' என்று எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். இப்படி எழுதின பாரத்தை வைத்துக்கொண்டு கத்தியைத் தொட முடியாது என்று டாக்டரம்மா அதைத் தூக்கி எறிந்தார். இவளுக்கும் சீட்டுக் கிழிந்தது.

மறுநாள் காலை வேலைச் சட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது, குவாரிப் புழுதியோடு அந்தப் புருஷன் வந்திருந்தான். நகரத்து மொழி அவனுக்கு அரைகுறையாக வரும். மனைவியிடம் இரண்டு நிமிஷம் பேசிவிட்டு நர்சு பக்கம் திரும்பினான்.

"ஆறு நாளா ஒன்னேதான் கேக்கறாளாம். பிள்ளை உயிரோட இருக்கா, செத்துப்போச்சான்னு. கைநாட்டு வெச்சா காட்டுவீங்கன்னு நெனச்சாளாம்."

குறைமாதத்தில் பிறந்த பிள்ளை மேல்மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் சௌக்கியமாகத்தான் இருந்தது. பெற்றவளிடம் அதைச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. நர்சு கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"அடப்பாவமே. ஒரு வார்த்தை கேட்டிருந்தா அன்னிக்கே காட்டியிருப்போமே."

இவளுக்கு அருவருப்பாக இருந்தது. அந்த நர்சைப் பார்த்து மட்டுமல்ல, தன்னை நினைத்தும்தான். மணிக்கட்டைப் பிடித்து இவளிடமும் அதைத்தானே கேட்டாள்? பதில் சொல்லாமல் கையை உருவிக்கொண்டு போனவள்தானே இவளும்?

"கேட்டுக்கிட்டேதான் இருந்தா," என்றாள்.

மாடிக்குப் போகச் சக்கர நாற்காலி வேண்டுமென்றால் சீட்டு எழுத வேண்டுமாம். உங்கள் சீட்டும் நீங்களும்! சலவை வண்டியில் வெளுத்த போர்வையை விரித்து, அந்தப் பெண்ணைத் தூக்கி உட்கார வைத்து, லிஃப்டைப் பார்த்துத் தள்ளினாள். புருஷன் அத்தனை சொல்லியும் நம்பாமல், அவள் இவள் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அதையே கேட்டாள். அந்த ஒரு வாக்கியம் இப்போது இவளுக்குப் புரிந்தது.