மூன்றாம் மாடிப் பூட்டு

சாவிக் கடையில் வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டுவது என் வேலை. பூட்டோடு மல்லுக்கட்டுவது என் வீட்டுக்காரர் வேலை. வாயில் கொழுக்கட்டையா வைத்திருக்கிறீர்கள் என்று நான் கத்தினாலும் சிரிப்பார், அவ்வளவுதான். ஆனால் அவர் கை வைத்துத் திறக்காத பூட்டு கிடையாது.

போன வாரம் ஒரு பெண் வந்து, பின்தெருக் கட்டடத்தில் மூன்றாம் மாடி வீட்டுக்குப் புதுப் பூட்டு மாட்டச் சொன்னாள். கன்னம் வீங்கியிருந்தது. "என் புருஷன்கிட்ட பழைய சாவி இருக்குண்ணா" என்றாள். இவர் அன்றைக்கே மாட்டிக் கொடுத்தார்.

நேற்று மத்தியானம் ஓர் இன்ஸ்பெக்டர் கடைக்கு வந்தார். "ஒரு வீட்டைச் சோதனை போடணும். பையை எடுத்துக்கிட்டு வா." போலீஸ்காரரிடம் யார் எங்கே என்று கேட்பது? எனக்கு மனசு கேட்காமல் நானும் பின்னாலேயே ஓடினேன்.

மூன்றாம் மாடி. அதே கதவு. கதவுத் துளை வழியே பார்த்திருப்பாள் போல, உள்ளேயிருந்து அலறினாள்.

"திறக்காதீங்கண்ணா! இவர்தான் என் புருஷன்!"

அடப்பாவி, பெண்டாட்டியைப் பிடிக்கவா உனக்குச் சீருடை கொடுத்தார்கள்? இடுப்புத் துப்பாக்கியைப் பார்த்ததும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

"சோதனைக்கு உத்தரவு இருக்கா சார்?" என்றுதான் கேட்க முடிந்தது.

"நான்தான் உத்தரவு. திறடா!"

இவர் மண்டியிட்டுக் கம்பியைத் துவாரத்துக்குள் விட்டார். "ஐயோ, வேண்டாங்க" என்று தோளைப் பிடித்தேன். என் கையை உதறினார். அந்த நேரத்தில் அவரை வெறுத்தேன்.

டக்கென்று ஒரு சத்தம். கம்பி உள்ளேயே முறிந்துவிட்டது.

"வெளியிலேர்ந்து இனி யாராலயும் திறக்க முடியாது சார்" என்றார் இவர்.

அதற்குள் அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்துகொண்டன. இத்தனை பேர் பார்க்கக் கதவை உதைக்க அந்த ஆளுக்குத் துணிச்சல் வரவில்லை. இன்ஸ்பெக்டர் இவருடைய சட்டையைப் பிடித்துத் தரதரவென்று ஸ்டேஷனுக்கு இழுத்துப்போனார்.

சாயங்காலம் ஸ்டேஷனில் என்ன கேஸ் என்று கேட்டேன்.

"வீட்டை உடைக்கிற கருவியோட பிடிபட்டிருக்கான்" என்றார் ரைட்டர்.

"கூட்டிக்கிட்டுப் போனதே உங்க இன்ஸ்பெக்டர்தானே!"

"நீ அவன் பெண்டாட்டி, நீ சொன்னா ஆச்சா? வேற சாட்சி இருந்தா கூட்டிக்கிட்டு வா."

அந்தக் கட்டடத்தில் வீடு வீடாகப் போய்க் கெஞ்சினேன். பார்த்தவர்கள் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. அப்போது அந்தப் பெண் போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, நான் ஸ்டேஷனுக்கு வந்து சொல்றேன். அண்ணனை விட்டுடுவாங்கல்ல?"

விட்டுவிடுவார்கள். அவளைப் பிடித்துக்கொள்வார்கள்.

"நீ வராதேம்மா" என்றேன்.