காடாத் துணியும் ஒரு பொய்யும்

முதலில் வந்தது மூச்சுத் திணறல். சோமனூர்த் தறிக்கூடத்தில் அறுந்த இழையை முடியக் குனிந்தவன், நிமிர முடியாமல் அப்படியே நின்றுவிட்டேன்.

நான் திருநம்பி. பெண் என்று வளர்க்கப்பட்ட ஆண். பத்து வருடமாக, தறியில் ஓடும் காடாத் துணியைக் கிழித்து மார்பை இறுக்கிக் கட்டிவந்தேன். அதற்கென்றே இழுபடும் உள்ளாடை விற்கிறார்கள். தறிக்காரனுக்குத் துணிக்கா பஞ்சம் என்கிற திமிர் எனக்கு. காடா இம்மியும் இளகாது. விலா எலும்பில் விரிசல், தோலெல்லாம் புண்.

"புண்ணு ஆறாம கத்தி வெக்க முடியாதுங்க தம்பி. ஆபரேஷன் பண்ணலாம்னு மனநல டாக்டர்கிட்டயும் லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்றார், மார்பை எடுத்துவிடச் சொல்லி நான் போய்ப் பார்த்த கோவை டாக்டர். தம்பி என்றதற்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கட்டை அவிழ்த்தபின் இரண்டு மாதம் வெளியே தலைகாட்டவில்லை. கண்ணாடியைத் துண்டு போட்டு மூடினேன். கண்ணை மூடிக்கொண்டு குளித்தேன். தினமும் செத்துப்போக நினைத்தேன். இதை எழுத இப்போது வெட்கமில்லை.

சாகும் எண்ணம் வருகிறதா என்று மனநல டாக்டர் கேட்டார். "நல்லா இருக்கேனுங்க" என்றேன். உண்மையைச் சொன்னால் லெட்டர் கிடைக்காது என்று எங்கள் ஆட்களிடம் ஒரு நம்பிக்கை. என்ன பதில் சொல்வது என்றுகூட ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்போம். லெட்டர் கிடைத்தது.

மாஸ்டெக்டமி (மார்பகங்களை நீக்கும் அறுவை சிகிச்சை) முடிந்தது. இருபுறமும் ட்ரெயின் (காயத்தில் ஊறும் நீரை வெளியேற்றும் குழாய்). கட்டுப் பிரித்த அன்று சந்தோஷத்தில் அழுதேன். பத்தாம் நாள் மறுபடியும் அதே சாவு நினைப்பு. அடப்பாவி, இன்னும் என்னடா வேணும் உனக்கு என்று என்னையே திட்டிக்கொண்டேன். மார்பு போனால் அதுவும் போய்விடும் என்றல்லவா இருந்தேன்.

சாப்பாடு அப்படியே கிடப்பதைப் பார்த்த அம்மா, "ஏங் கண்ணு, நீ கேட்டதெல்லாம் ஆயிப்போச்சே, இன்னும் ஏன் மூஞ்சி இப்படிக் கெடக்குது?" என்றார். சாகத் தோன்றுகிறது என்று அவரிடம்தான் முதன்முதலில் சொன்னேன். சேலையை மாற்றிக்கொண்டு வந்து என்னைப் பஸ் ஏற்றினார்.

மனநல டாக்டரிடம் பொய்யை ஒப்புக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. "அன்னைக்கே சொல்லியிருந்தா மருந்தும் குடுத்திருப்பேன், லெட்டரும் குடுத்திருப்பேனுங்க" என்றார்.

எனக்குத்தான் ஆத்திரம் தாங்கவில்லை. சும்மா பட்ட பாடு அத்தனையும். லெட்டருக்காகக் காத்திருக்கும் தம்பிகளே, தயவுசெய்து மறைக்காதீர்கள்.

மாத்திரை சாப்பிடுகிறேன். தேறிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். மார்பு தட்டையாகிவிட்டது; மறைத்து மறைத்துக் கூனிப்போன தோள் இன்னும் நிமிரவில்லை. ஆபரேஷன் நாள்வரை உயிரோடிருந்தால் போதும் என்றுதான் இத்தனை வருடம் ஓட்டினேன். அதற்கு அப்புறம் வரும் நாளைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. அந்த நாட்கள்தான் இப்போது ஒவ்வொன்றாக வருகின்றன. முப்பத்திரண்டு வயது ஆம்பளை, இன்றைக்கு என்ன செய்வதென்று தெரியாமல் கட்டிலோரம் உட்கார்ந்திருக்கிறேன்.