டியூப் எடுத்த நாள்

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரருக்கு மூத்திர டியூபை எடுத்தபோது காலை எட்டரை மணி. "மூணு மணிக்குள்ள தானா போகணும். எவ்ளோ போச்சுன்னு அளந்து சொல்லுங்க. போகலைன்னா திரும்ப டியூப்தான்" என்றார் டாக்டர்.

மூன்று வாரமாக அந்த டியூபில் தொங்கிய மூத்திரப் பையோடு நான் பட்ட பாடு! சோப்புப் போட்டுக் கை கழுவி, மூடியைத் திறந்து, மக்கில் பிடித்து அளந்து ஊற்றுவேன். யாராவது பார்க்க வந்தால் போதும், மனுஷன் வெட்கப்பட்டுப் பையைத் தூக்கிப் போர்வைக்குள் ஒளித்துக்கொள்வார். "கீழ தொங்க வுடுய்யா, மூத்திரம் உள்ள திரும்பிடும்!" என்று கத்திக் கத்தியே என் தொண்டை போய்விட்டது. திரும்பவும் அந்தப் பையா?

நாங்கள் கருங்குழி வந்து சேருவதற்குள், மாமல்லபுரத்திலிருந்து என் நாத்தனார் தர்பூசணியும் கையுமாக வந்து நின்றாள். அண்ணனை உட்காரவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்லித் தண்ணீர் கொடுத்தாள். பத்து மணிக்கு அவர் பாத்ரூமுக்குள் போனார். நாங்கள் இருவரும் தகரக் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றோம்.

"இன்னாண்ணா, வந்துச்சா?"

"இல்ல."

"பைப்பத் தொறந்து வுடு. தண்ணி சத்தம் கேட்டா வரும்."

திறந்தார். பக்கெட்தான் நிரம்பியது.

இப்படியே நாலு தடவை. ஒன்றரை மணிக்கு அவர் கதவை உதைத்துத் திறந்தார். முகமெல்லாம் வேர்வை.

"ரெண்டு பேரும் கதவாண்ட நின்னுகினு கீறீங்களே, எவனுக்குடி வரும்?"

எனக்குச் சுருக்கென்றது. சொட்டுச் சொட்டாக அளந்து பழகியதில், அது அவருடைய உடம்பு என்பதே எனக்கு மறந்துவிட்டிருந்தது. நாத்தனாரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருமுனை மெடிக்கல் ஷாப் வரை போய்விட்டேன்.

அங்கே கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. மணி இரண்டு. இரண்டே கால். போன் அடித்தது.

"வந்துச்சிடி! சும்மா கொட்டுது!"

நாத்தனார் நடுரோட்டில் குதித்தாள். கடைக்காரர் என்னவோ ஏதோ என்று தலையை நீட்டினார். ஐம்பத்தாறு வயதில் நான் ஓடினேன் பாருங்கள், அப்படி ஒரு ஓட்டம்! ஒரு செருப்பு எங்கே கழன்றதென்றே தெரியவில்லை.

"எவ்ளோ? அளந்தியா?" என்று மூச்சு வாங்கக் கேட்டேன்.

"ஊத்திட்டேன்."

"அட பாவி மனுஷா! அளக்கச் சொன்னாரேய்யா டாக்டரு!"

அவர் மக்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். எவ்வளவு சிரிப்பு அந்த முகத்தில்!

"அடுத்தது நானே அளக்கிறேன். நீ போய் மொதல்ல சாப்புடு. காலைலேர்ந்து ஒரு வாய் காப்பி கூட குடிக்கல நீ" என்றார்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.